பெரிய வெள்ளி நாடகமும் யூதர் மேல் விழுந்த பழியும்

கேள்வி

ராமகுப்பத்தில் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், மீதிப் பேர் தெலுங்கு. இந்த ஆண்டு பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாடு நாடகம் போட்டோம். யூதர்களாக நடித்த பையன்கள் கூச்சல் போட்டபோது, பார்த்துக்கொண்டிருந்த சனங்கள் அவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். நாடகம் முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஏசப்பாவைக் கொன்னவங்களைத்தானே டீச்சர் ஹிட்லர் கொன்னான், அது சரிதானே?" என்று கேட்டான். பக்கத்திலிருந்த மூப்பர், "அது அவங்களே வரவழைச்சுக்கிட்ட சாபம்மா" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, பதிலும் தெரியவில்லை.

இன்னும் சில சந்தேகங்கள். பரிசேயர் எல்லாரும் வேஷக்காரர்கள்தானா? நம் பக்கத்தில் யூதர்கள் எப்போதாவது வாழ்ந்தார்களா? கிறிஸ்தவர்கள் அவர்களை எப்படி நடத்தினார்கள்? பக்கத்து ஜெபவீட்டில் இஸ்ரேல் கொடியை மாட்டி வைத்திருக்கிறார்கள். என் அக்கா மகனோ, காஸாவில் நடப்பதைப் பார்த்த பிறகு யூதர் என்றாலே வெறுப்பாக இருக்கிறது என்கிறான். இவர்களுக்கெல்லாம் என்ன சொல்வது?

— ஒரு வாசகி, ராமகுப்பம், சித்தூர் மாவட்டம்

பதில்



அந்தப் பையனைக் கண்டிக்காதீர்கள். மேடையில் நாம் காட்டியதைத்தான் அவன் கூட்டிக் கழித்துக் கேட்டிருக்கிறான். ஐரோப்பாவில் மெத்தப் படித்தவர்களே நூற்றாண்டுக் கணக்கில் இதே கணக்கைப் போட்டார்கள். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது: இயேசுவுக்கு மரண தண்டனை விதித்ததும் நிறைவேற்றியதும் ரோம அரசு. அந்தப் பழியை ஒரு முழுச் சனத்தின் தலையில் கட்டியது பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள். அது தவறு என்று நம் சபைகளே இன்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டன.

சிலுவையில் அறைவது, அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர் கொடுத்த தண்டனை. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்து தீர்ப்புச் சொன்னான். அவனுடைய சேவகர்கள் ஆணி அடித்தார்கள். தன்னை ராஜாவாக்கிக்கொண்டான் என்ற அரசியல் குற்றச்சாட்டுதான் சிலுவையின்மேல் எழுதப்பட்டது. நீங்கள் ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை நினைத்துப் பாருங்கள். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இடத்தில் அதில் வருவது ஒரே ஒரு பெயர், பிலாத்துவின் பெயர். யூதர் என்ற சொல் அதில் எங்கும் கிடையாது.

பிரதான ஆசாரியன் காய்பாவுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றுதான் சுவிசேஷங்கள் சொல்கின்றன. ஆனால் அந்தப் பதவியில் ஆளை வைப்பதும் எடுப்பதும் அப்போது ரோம ஆளுநர் கையில் இருந்தது. காய்பா மக்கள் தேர்ந்தெடுத்த தலைவனல்ல. பிலாத்துவின் முற்றத்தில் ஒரு கூட்டம் நின்றது. அதே எருசலேமில் இயேசுவுக்குப் பின்னால் அழுதுகொண்டு போன கூட்டத்தையும் லூக்கா காட்டுகிறார். அவரை அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பும் யூதர், மரியாளும் யூதப் பெண், பன்னிரண்டு சீஷரும் யூதர்கள். அன்றைய யூதரில் பெரும்பாலோர் அலெக்சாந்திரியா, பாபிலோன், ரோம் என்று வெளியூர்களில் வாழ்ந்தவர்கள். இப்படி ஒரு வழக்கு நடந்த சேதியே அவர்கள் காதுக்கு எட்டியிருக்காது.

மூப்பர் சொன்ன சாபம், இயேசுவின் இரத்தப்பழி தங்கள் மேலும் தங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் கூட்டம் கத்தும் வாசகத்திலிருந்து வருகிறது. மத்தேயு சுவிசேஷம், கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இயேசுவை ஏற்ற யூதருக்கும் ஏற்காத யூதருக்கும் அப்போது கடுமையான பிணக்கு இருந்தது. பங்காளிச் சண்டையில் வார்த்தை தடிக்கத்தானே செய்யும்! பிறகு கிறிஸ்தவம் யூதரல்லாதவர்களின் சமயமாகி, அரசாங்கத்தின் சமயமும் ஆனபோது, அந்தத் தடித்த வார்த்தைகள் பலமுள்ளவன் கையில் ஆயுதமாயின. முற்றத்தில் நின்ற சிலர் கத்திய வார்த்தை தலைமுறை தலைமுறைக்கும் செல்லும் என்றால், மன்னிக்கும்படி இயேசு சிலுவையிலிருந்து ஏறெடுத்த ஜெபம் மட்டும் செல்லாதா? மூப்பரிடம் மரியாதையாக இதைக் கேளுங்கள்.

பழி வளர்ந்த கதை

யூதர்கள் கடவுளையே கொன்றவர்கள் என்று வெளிப்படையாகப் பிரசங்கித்தவர்களில் முதல்வர் 2ஆம் நூற்றாண்டின் சர்தை நகர மெலித்தோ. 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் குருவான கிறிசோஸ்தோம் செய்த பிரசங்கங்கள் இன்னும் கடுமையானவை. அவருடைய கோபத்துக்குக் காரணம் வேடிக்கையானது. அவருடைய சபையாரே யூதர்களின் பண்டிகைக்கும் தொழுகைக்கூடத்துக்கும் ஆசையாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். சாதாரண சனங்கள் ஒட்டி உறவாடினார்கள், மேடையில் நின்றவர்தான் பிரிக்கப் பார்த்தார்.

பேச்சு பிறகு செயலானது. 1096இல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் வழியிலேயே வோர்ம்ஸ், மைன்ஸ் நகர யூதர்களைக் கொன்றன. யூதர்கள் உடையிலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. 1290இல் இங்கிலாந்து அவர்களைத் துரத்தியது, 1492இல் ஸ்பெயின் துரத்தியது. 1348இல் கொள்ளைநோய் பரவியபோது கிணற்றில் விஷம் வைத்தவர்கள் என்று சொல்லி ஊர் ஊராக அவர்களைக் கொளுத்தினார்கள்.

நம் சீர்திருத்தச் சபையாரும் தப்பவில்லை. இயேசு யூதராகப் பிறந்தார் என்று 1523இல் பரிவோடு எழுதிய மார்ட்டின் லூத்தர், 1543இல் யூதர்களின் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தவும் வீடுகளை இடிக்கவும் சொல்லி ஒரு நூல் எழுதினார். இதைத் தூரத்து ஜெர்மனிக் கதை என்று விட்டுவிட முடியாது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லூத்தரன் திருச்சபை, ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனரிகள் 1860களில் தொடங்கிய ஊழியத்திலிருந்து வந்தது. அந்தச் சபை அங்கம் வகிக்கும் உலக லூத்தரன் கூட்டமைப்பு 1984இல் புடாபெஸ்டில் கூடியபோது, யூதருக்கு எதிரான லூத்தரின் வசைகளைத் தாங்கள் ஏற்க முடியாது என்ற அறிக்கையை முன்வைத்தது. தங்கள் சபையின் தந்தையே தவறினார் என்று சொல்ல அவர்களுக்கு 441 ஆண்டுகள் பிடித்தன. ஆனால் சொல்லிவிட்டார்கள்.

ஹிட்லரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டைப் பையனுக்குத் தெளிவாக்குங்கள். ஹிட்லர் யூதரைக் கொன்றது மதத்துக்காக அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிளம்பிய இனவாதம் அவனுடையது. ஞானஸ்நானம் பெற்றவர்களையும் அவன் விடவில்லை. யூதராய்ப் பிறந்து கத்தோலிக்கத் துறவியான எடித் ஸ்டைன் 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். மொத்தம் 60 லட்சம் பேர். அவர்களில் உங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வயதில் லட்சக்கணக்கானவர்கள் உண்டு. ஏசப்பாவைக் கொன்ற குற்றம் அவர்களில் யாருக்கு? ஆனாலும் அண்டை வீட்டிலிருந்து யூதக் குடும்பத்தை இழுத்துப் போனபோது ஞானஸ்நானம் பெற்ற ஐரோப்பா பெரும்பாலும் வாய்மூடி நின்றதற்கு, தலைமுறை தலைமுறையாகப் பிரசங்க மேடையில் கேட்டுப் பழகிய வசைகளும் ஒரு காரணம்.

நம் காந்தியடிகளின் கண்ணிலும் இது பட்டது. ஜெர்மனியெங்கும் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்ட அதே மாதத்தில், 1938 நவம்பர் 26 'ஹரிஜன்' இதழில், கிறிஸ்தவர்கள் யூதரை நடத்திய விதத்தை இந்துக்கள் தீண்டப்படாதோரை நடத்திய விதத்தோடு ஒப்பிட்டு எழுதினார். இரண்டிலும் கொடுமைக்கு மதத்தைச் சாக்காகக் காட்டினார்கள் என்றார். ஜெர்மனி யூதர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்ற அவருடைய யோசனையை யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர் மறுத்து எழுதினார். வதைமுகாமைத் தென்னாப்பிரிக்கச் சிறையோடு ஒப்பிட முடியாது என்பது பூபரின் வாதம், அதில் நியாயம் இருந்தது. ஆனால் காந்தி செய்த அந்த ஒப்பீடு, சேரியையும் ஊரையும் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு எந்தச் சரித்திரப் பாடத்தையும்விடச் சீக்கிரம் புரியும்.

பரிசேயர் யார்?

ஆலயத்தை ஆண்ட ஆசாரியக் குடும்பங்கள் பெரும்பாலும் சதுசேயர். பரிசேயர் அவர்களுக்கு எதிர்க்கட்சி என்றே சொல்லலாம். வேதத்தைச் சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கைக்கு எப்படிப் பொருத்துவது என்று ஓயாமல் விவாதித்தவர்கள் அவர்கள். மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பினார்கள், சதுசேயர் அதை மறுத்தார்கள். அந்த விஷயத்தில் இயேசு பரிசேயர் பக்கம். பவுல் தன்னைப் பரிசேயன் என்றே சொல்லிக்கொண்டார். அப்போஸ்தலர்களை விட்டுவிடும்படி ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேலும் பரிசேயர். இயேசு அவர்களிடம் கடிந்து பேசியது உண்மைதான். வேஷக்காரர்களை யூத ரபிமார்களும் தங்கள் நூல்களில் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

ஆலயம் இடிந்த பின் யூத சமயத்தைக் காப்பாற்றியது இந்த விவாத மரபுதான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும் அதன்மேல் எழுந்த தல்மூதும் தோற்ற கட்சியின் வாதத்தையும் மறைக்காமல் பதிவு செய்கின்றன. இயேசுவுக்கு ஒரு தலைமுறை முன் வாழ்ந்த ஹில்லேலிடம் ஒருவன் வந்து, ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் வேதம் முழுவதையும் கற்றுக்கொடு என்றானாம். உனக்கு வெறுப்பானதைப் பிறருக்குச் செய்யாதே, மற்றதெல்லாம் விளக்கம், போய்ப் படி என்ற கருத்தில் ஹில்லேல் பதில் சொன்னார். இயேசு பிரதான கற்பனைகள் என்று காட்டிய இரண்டும் உபாகமத்திலும் லேவியராகமத்திலும் உள்ளவை. பரிசேயரைத் திட்டி இயேசுவை உயர்த்தும் பிரசங்கம், இயேசு படித்த பள்ளியையே இடிக்கிறது.

நம் பக்கத்தில்

இங்கேதான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல அருமையான கதை இருக்கிறது. 849ஆம் ஆண்டு கொல்லத்தில் வேணாட்டு ஆட்சியாளர் அய்யன் அடிகள், தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமைகளும் எழுதிக் கொடுத்தார். செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. கடைசி ஏட்டில் சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பகலவி, எபிரேயம் என்று மூன்று எழுத்துகளில் இருக்கின்றன. எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் ஒப்பமிட்டவர்கள் யூத வணிகர்கள். அந்தக் காலத்திலேயே நம் கடற்கரையில் ஒரு சர்ச்சின் சொத்துப் பத்திரத்துக்கு யூதர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுமார் கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வரிவிலக்கும் பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளும் செப்பேட்டில் வழங்கினார்.

துன்பம் போர்த்துகீசியரோடு வந்தது. இந்தியாவுக்கு மதவிசாரணை மன்றம் வேண்டும் என்று பிரான்சிஸ் சவேரியார் 1546இலேயே அரசருக்கு எழுதினார். 1560இல் கோவாவில் அது அமைந்தது, இடையில் சிறு காலம் தவிர 1812 வரை நடந்தது. கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான யூதக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி ஒரு பெரிய நூலைக் கோவாவில் அச்சிட்டார். அவர் 1568இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய சகோதரி கத்தரீனாவை ரகசியமாக யூத முறையைப் பின்பற்றினாள் என்று எரித்தார்கள். 1580இல் ஓர்த்தாவின் எலும்பையும் தோண்டி எடுத்துக் கொளுத்தினார்கள்.

அதே நேரத்தில், கொடுங்கல்லூரிலிருந்து ஓடிவந்த யூதர்களுக்குக் கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1568இல் அங்கே கட்டிய பரதேசி தொழுகைக்கூடத்தின் சுவர் மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் அதன் கோயிலுக்கும் பக்கத்துச் சுவர். டச்சுக்காரருக்கு உதவினார்கள் என்று 1662இல் போர்த்துகீசியர் அதைக் கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பிறகு யூதர்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் நம் நாட்டு நோய் அவர்களையும் தொற்றியது. நிறத்தையும் பிறப்பையும் காட்டிச் சொந்த மதத்தாரையே அந்தக் கூடத்தில் சமமாக உட்கார விடவில்லை. அதை எதிர்த்து வழக்கறிஞர் ஏ. பி. சேலம் 20ஆம் நூற்றாண்டில் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது.

சென்னைப் பவளக்காரத் தெரு வழியாகப் போயிருப்பீர்கள். லண்டனிலிருந்து வந்த போர்த்துகீசிய வழி யூதர்கள், மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து, கிருஷ்ணா கரையில் கொல்லூர் முதலிய சுரங்கங்களில் கிடைத்த கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில் மூவர் யூதர்கள். ஆனால் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஒரு யூதர் தன் முறைப்படி சத்தியம் செய்து உட்கார 1858 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் காலத்தில் குண்டூர் பக்கம் கொத்தரெட்டிபாலெத்தில் தெலுங்கு பேசும் சில பத்துக் குடும்பங்கள் தங்களை 'பெனே எப்ராயிம்' என்று சொல்லிக்கொள்கின்றன. மாதிகா சமூகத்தில் பிறந்து பாப்டிஸ்ட் சபையில் இருந்தவர்கள், 1980களில் யூத முறைக்கு மாறினார்கள். தாங்கள் இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரம் என்பது அவர்கள் கூற்று. அதை இஸ்ரேல் அரசு ஏற்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை ஓய்வுநாளும் எபிரேய ஜெபமுமாக வாழ்கிறார்கள்.

கொடியும் வெறுப்பும்

ஜெபவீட்டுக் கொடிக்கும் உங்கள் அக்கா மகனின் கோபத்துக்கும் ஒரே பதில்தான். ஒரு நாட்டு அரசு வேறு, ஒரு சனம் வேறு. காஸாவில் பிள்ளைகள் சாவதைக் கண்டு கோபப்படுவது மனிதத்தன்மை. இஸ்ரேல் அரசை விமர்சிக்க யாருக்கும் உரிமை உண்டு. யூதர்களிலேயே பலர் உரக்க விமர்சிக்கிறார்கள். அந்தக் கோபத்தை மட்டாஞ்சேரி யூதக் கிழவர் மேலோ, உலகின் எந்த மூலையிலோ உள்ள யூதர் மேலோ காட்டினால் அது பழைய நோய்தான். 2008 நவம்பரில் மும்பையில் நரிமன் இல்லம் என்ற யூத மையத்தில் ரபியும் மனைவியும் உட்பட ஆறு பேரைக் கொன்றவர்கள் எந்த அரசையும் தண்டிக்கவில்லை.

கொடி மாட்டியவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. யூதரை இரண்டாம் வருகைக்கு நாள் பார்க்கும் பஞ்சாங்கமாக மட்டும் நினைத்தால், அது அவர்களை நேசிப்பதாகாது. அவர்கள் என்ன நம்புகிறார்கள், எதற்காக ஜெபிக்கிறார்கள் என்று கேட்டறிவதில்தான் நேசம் தொடங்கும்.

அடுத்த நாடகத்துக்கு

ஜெர்மனியின் ஒபெராமர்காவ் கிராமத்தார் 1634 முதல் சிலுவைப்பாடு நாடகம் நடத்துகிறார்கள். 1934இல் ஹிட்லரே அங்கு வந்து பார்த்துப் பாராட்டினான். போருக்குப் பின் யூதர்களும் கிறிஸ்தவர்களும் பல பத்தாண்டுகள் வாதாடிய பிறகு கிராமத்தார் வசனங்களைத் திருத்தினார்கள். 2000ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து அந்தச் சாப வாசகத்தை நீக்கிவிட்டார்கள். மூன்றரை நூற்றாண்டு வழக்கத்தையே அவர்களால் மாற்ற முடிந்ததென்றால், ராமகுப்பத்தில் ஒரு நாடகத்தை மாற்றுவது பெரிய காரியமல்ல.

எப்படி மாற்றுவது என்பதற்கும் வழிகாட்டி இருக்கிறது. ஆஷ்விட்ஸில் மனைவியையும் மகளையும் இழந்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், 1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பர்க்கில் கூடிய கிறிஸ்தவ, யூத அறிஞர்களோடு சேர்ந்து, சபைப் போதனைக்கான பத்து அம்சங்களை உருவாக்க உதவினார். 1960இல் அவர் போப் 23ஆம் யோவானைச் சந்தித்தார். அதன் பலனாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார் மேலோ இன்றைய யூதர் மேலோ சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. உங்கள் சபைக்கும் இது புதிதல்ல. தென்னிந்தியத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே உறுப்பினராக இருக்கும் உலகத் திருச்சபைகள் மன்றம், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய முதல் பேரவையிலேயே யூத வெறுப்பு கடவுளுக்கும் மனிதனுக்கும் விரோதமான பாவம் என்று சொல்லிவிட்டது. மூப்பருக்கு இந்தச் சான்று போதும்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு ஆறு காரியங்கள் செய்யுங்கள். கூச்சல் போடுபவர்களுக்கு மட்டும் யூதர் என்று பெயர் வைக்காதீர்கள். மேடையில் இயேசு, மரியாள், பேதுரு எல்லாரும் யூதர் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். தீர்ப்புச் சொல்லும் பிலாத்துவை நல்லவனாகக் காட்டாதீர்கள். அழுத எருசலேம் பெண்களுக்கும் அரிமத்தியா யோசேப்புக்கும் ஒரு காட்சி கொடுங்கள். சாப வாசகத்தை விட்டுவிடுங்கள்; மன்னிப்பின் ஜெபத்தை விடாதீர்கள். நாடகத்துக்கு முந்தின ஞாயிறு தமிழிலும் தெலுங்கிலும் கொல்லம் செப்பேட்டின் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு அடுத்த நாடகத்தில் கமாலியேல் வேஷம் கொடுங்கள். அந்தப் பரிசேயர் எழுந்து நின்று என்ன பேசினார் என்பதை, அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தை அவனையே படிக்க வைத்துத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.